கவுனியின் கருப்பும் தவிட்டின் கணக்கும்

இயற்கை அங்காடிக்குள் நுழைந்தால் கருப்புக் கவுனிப் பொட்டலம் முன்வரிசையிலேயே இருக்கும். திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் ‘நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்றிருக்கும். பக்கத்தில் மாப்பிள்ளைச் சம்பா. அதற்கும் அதே வாசகம். காட்டுயானம், பூங்கார், கருங்குறுவை, குள்ளக்கார் என்று வரிசை நீள்கிறதே தவிர வாசகம் மாறுவதில்லை. கொரோனாவுக்கு முன்னால் இதே அரிசிகள் சர்க்கரையைப் பற்றியும் மூட்டு வலியைப் பற்றியும்தான் அதிகம் பேசிக்கொண்டிருந்தன. 2020க்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி முன்னுக்கு வந்துவிட்டது. விலை மட்டும் பழையபடி, சாதாரணப் பொன்னியைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு.

அந்தக் கூடுதல் விலையைச் சுவைக்காகக் கொடுப்பவரிடம் கேட்க ஒன்றுமில்லை. செட்டிநாட்டுப் பந்தியில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்து வைக்கும் கவுனியரிசியை ஒருமுறை சாப்பிட்டவருக்கு ஆய்வுக் கட்டுரை தேவைப்படாது. அழிந்துபோகவிருந்த நெல் வகைகளை வயலுக்கு மீட்ட நெல் ஜெயராமன் போன்றவர்களின் உழைப்புக்குத் தோள் கொடுக்க வாங்குகிறேன் என்பவரிடமும் கேள்வி இல்லை. உடம்புக்காக வாங்குகிறேன், பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது, அதற்காக வாங்குகிறேன் என்பவருக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வாசகத்தை மட்டும் எடுத்து நிறுத்துப் பார்க்கலாம்.

எதை நிரூபித்தால் அது உண்மையாகும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பு அமைப்பு கூடக்கூட நல்லது என்று பொட்டலம் எண்ணுகிறது. உடம்பு அப்படி எண்ணுவதில்லை. எதிர்ப்பு மிஞ்சினால் ஒவ்வாமை, ஆஸ்துமா, முடக்குவாதம், குறைந்தால் தொற்று. கொரோனாவில் பலருடைய நுரையீரலைக் கெடுத்ததில் கிருமிக்கு இணையாகக் கட்டுமீறிய எதிர்ப்புக்கும் பங்கு இருந்தது. கிருமி வந்தால் வேகமாக எழ வேண்டும், வேலை முடிந்ததும் அடங்க வேண்டும், வேலை இல்லாதபோது உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கக் கூடாது. இதுதான் நல்ல எதிர்ப்பு. ஓர் உணவு இதற்கு உதவுகிறது என்பதற்கு முதல்தரச் சான்று, அதைச் சாப்பிட்டவர்களுக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ குறைந்தது என்பது, அல்லது தடுப்பூசி போட்டபின் அவர்களிடம் எதிர்பொருள் கூடுதலாக உண்டானது என்பது. இரண்டாம்தரச் சான்று, சி.ஆர்.பி., இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற அழற்சிக் குறியீடுகள் இரத்தத்தில் இறங்குவது. அதற்குக் கீழே எலிகள். எல்லாவற்றுக்கும் கீழே கண்ணாடிக் குடுவை.

ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. எதிர்ப்பு அமைப்பு இயல்பாக இயங்க உதவும் என்று உணவுப் பொட்டலத்தில் எழுத எந்தெந்தச் சத்துகளுக்கு அனுமதி என்ற பட்டியல். துத்தநாகம், இரும்பு, செம்பு, செலினியம், வைட்டமின்களில் ஏ, சி, டி, பி6, பி12, ஃபோலேட் ஆகியவை அதில் இருக்கின்றன. தாவர நிறமி ஒன்றுகூட இல்லை. இந்தியாவிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள், உடல்நலம் பற்றிய வாசகத்துக்கு அறிவியல் சான்று வேண்டும் என்றுதான் சொல்கின்றன. பொட்டலங்களைப் பார்த்தால் அப்படி ஒரு விதி இருப்பதாகவே தெரியாது.

இனி நிறத்துக்கு வருவோம். நெல்லின் உமியை நீக்கினால் தெரியும் மேல்தோலிலும் அதை ஒட்டிய தவிட்டு அடுக்கிலும்தான் நிறம் இருக்கிறது. உள்ளே இருக்கும் மாவு, கவுனியானாலும் பொன்னியானாலும், வெள்ளைதான். கருப்பு அரிசிக்கு நிறம் கொடுப்பவை ஆந்தோசயனின்கள்; அவற்றிலும் சயனிடின்-3-குளுகோசைடு என்ற ஒன்றே பெரும்பங்கு. சிவப்பு அரிசியின் நிறம் வேறு குடும்பம். அவை புரோஆந்தோசயனிடின்கள், துவர்ப்புச் சுவை தரும் டானின் வகை. ஆகவே மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் ஒரே காரணத்துக்காக ஒரே நன்மையைத் தருகின்றன என்று ஒரே வாசகத்தை இரண்டின்மீதும் ஒட்டும்போதே வேதியியல் இடறுகிறது. காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. இன்று நாம் சாப்பிடும் வெள்ளை அரிசிகளில் மிகப் பெரும்பாலானவை, ஒரே மரபணுவில் 14 எழுத்துகள் உதிர்ந்துபோனதால் நிறமிழந்தவை. அந்த உதிர்ந்த 14 எழுத்துகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நிறமிகளின் புகழ் பெரும்பாலும் குடுவையில் பிறந்தது. டி.பி.பி.எச். என்ற ஊதாநிறக் கரைசலில் அரிசித் தவிட்டின் சாற்றை ஊற்றுவார்கள். ஊதா மங்கி மஞ்சளானால் ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றல்’ இருப்பதாகக் குறிப்பார்கள். எளிய சோதனை, செலவு குறைவு, முதுகலை மாணவர் ஒரு பருவத்துக்குள் முடித்துவிடலாம். நம் பல்கலைக்கழகங்களிலிருந்து பாரம்பரிய அரிசிகளைப் பற்றி வந்திருக்கும் கட்டுரைகளில் பெரும்பகுதி இந்த வகைதான். கரைசல் நிறம் மாறுவதற்கும் மனிதனுக்குக் காய்ச்சல் வராமலிருப்பதற்கும் இடையில் இருக்கும் தூரத்தை அவை அளப்பதில்லை. இதே தத்துவத்தில் உணவுகளுக்கு மதிப்பெண் போட்டு அமெரிக்க வேளாண்துறை ஒரு பெரிய அட்டவணை வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் மனித நலத்துக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, நிறுவனங்கள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி 2012இல் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது.

அடுத்த படி செல்கள். எலியின் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த விழுங்கணுக்களை வளர்த்து, பாக்டீரியாவின் மேலுறைப் பொருளால் அவற்றைச் சீண்டி, கூடவே கருப்பு அரிசிச் சாற்றைக் கொடுத்தால் அழற்சிச் சுரப்புகள் குறைகின்றன. செல்லுக்குள் அழற்சியைத் தூண்டிவிடும் என்.எஃப். கப்பா-பி என்ற பாதை அடங்குகிறது. இது பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு, சந்தேகிக்க வேண்டியதில்லை. என்ன நடக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பாக்டீரியாவின் பொருளைக் கண்டு எழவேண்டிய எதிர்ப்பு இங்கே தணிகிறது. கூட்டும் என்று எழுதிய பொட்டலத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் சோதனை, குறைத்ததைக் காட்டுகிறது. தணிப்பது கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. தொப்பையும் சர்க்கரையும் உள்ள நடுவயதுக்காரருக்கு உள்ளுக்குள் புகையும் அழற்சி தணிந்தால் நல்லதுதான். ஆனால் அது வேறு நன்மை, வேறு ஆளுக்கான நன்மை. சளி பிடிக்கும் பிள்ளைக்காக வாங்கிய தாய்க்கு அதைத் தருவதாகச் சொல்ல முடியாது.

குடுவையிலிருந்து தட்டுக்கு வரும் வழியில் இன்னும் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று அடுப்பு. ஆந்தோசயனின் சூட்டைத் தாங்காது. கலிபோர்னியாவில் விளைந்த கருப்பு அரிசியை மூன்று விதமாகச் சமைத்து அளந்த ஆய்வு 2009இல் வந்தது. பிரஷர் குக்கரில் சயனிடின்-3-குளுகோசைடு ஏறத்தாழ 80 சதவீதம் போய்விட்டது, மின்குக்கரில் 74, சாதாரண அடுப்பில் 65. கவுனி சீக்கிரம் வேகாது. இரவே ஊறவைத்து, காலையில் குக்கரில் ஏழெட்டு விசில் விடுவதுதான் நம் வீட்டு வழக்கம். அதாவது அந்த ஆய்வில் மிக அதிகம் இழந்த முறையே நம் முறை. ஊறிய தண்ணீர் கருநீலமாக இருக்கும். அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் வைக்கிற வீடுகளில் நிறமியின் ஒரு பங்கு சமையலுக்கு முன்பே கழுநீர்த் தொட்டிக்குப் போகிறது. மாட்டுக்கு நல்லது. இழப்பு எல்லாம் வீணில்லை என்பதையும் சொல்லவேண்டும்: சிதைந்த நிறமியிலிருந்து புரோட்டோகேட்டசூயிக் அமிலம் உண்டாகி, சமைத்தபின் அது மூன்று மடங்கை ஒட்டி உயர்ந்திருந்தது. அந்த அமிலத்துக்கும் குடுவையில் நல்ல பெயர் உண்டு. ஆனால் சமைக்காத அரிசியை அளந்து பொட்டலத்தில் எழுதிய எண்ணுக்கும் தட்டில் இருக்கும் பொருளுக்கும் அதற்குமேல் உறவில்லை.

இரண்டாவது வாசல் குடல். சயனிடின்-3-குளுகோசைடில் கார்பன்-13 அடையாளம் வைத்து எட்டு ஆண்களுக்கு ஆளுக்கு 500 மில்லிகிராம் கொடுத்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் மூச்சிலும் தேடிய பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. உள்ளே போனதாகக் கணக்கில் வந்தது சுமார் 12 சதவீதம். முன்பு எண்ணியதைவிட இது அதிகம், நிறமியின் ஆதரவாளர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சியில் ஒரு நுணுக்கம் விடுபட்டது. அந்த 12 சதவீதத்தில் பெரும்பகுதி உருமாறிய துண்டுகள். நிறமி நிறமியாகவே இரத்தத்தில் எட்டிய உச்சம் லிட்டருக்கு 0.14 மைக்ரோமோல். விழுங்கணுக்களின்மீது ஆய்வகத்தில் ஊற்றும் அளவு பெரும்பாலும் இதைப்போலப் பல பத்து மடங்கு, சிலவற்றில் நூறு மடங்குக்கும் மேல். அந்தச் செறிவு எந்த மனிதனின் இரத்தத்திலும் கவுனிச் சோற்றால் வந்ததில்லை. எனவே செல் ஆய்வுகளைக் காட்டி மனிதனைப் பற்றிப் பேசுவதை இங்கேயே நிறுத்திவிடலாம்.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் கொஞ்சம்தான், ஆனால் இருக்கின்றன. அவற்றில் வலுவானது சீனாவிலிருந்து 2007இல் வந்தது. இதய நோயாளிகள் 60 பேர், பாதிப் பேருக்கு நாளொன்றுக்குக் கருப்பு அரிசியின் வெளிப்பகுதி 10 கிராம், மீதிப் பேருக்கு வெள்ளை அரிசியின் வெளிப்பகுதி 10 கிராம், ஆறு மாதம். கருப்பு கொடுத்தவர்களிடம் சி.ஆர்.பி.யும் இரத்தநாள அழற்சியைக் காட்டும் வேறு இரண்டு குறியீடுகளும் குறைந்தன. இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். காரணம் அதன் ஒப்பீடு. இரு தரப்பும் அரிசியின் வெளிப்பகுதியைத்தான் சாப்பிட்டார்கள், வேறுபாடு நிறத்தில். நிறத்துக்குத் தனியாக ஒரு பங்கு இருக்கலாம் என்று நேராகச் சொல்கிற அரிய சான்று இது. தவிடு அரிசியின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு என்பதால், 10 கிராம் என்பது நூறு கிராம் அரிசியோடு வரக்கூடியதுதான். எட்டாத அளவு என்றும் தள்ளமுடியாது. குறைகள்: ஆட்கள் குறைவு, எல்லாரும் ஏற்கெனவே இதய நோயாளிகள், கொடுத்தது சோறு இல்லை, பிரித்தெடுத்த பகுதி. யாருக்கும் தொற்று குறைந்ததா என்று பார்க்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் சார்ல்ஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று, நலமாக உள்ளவர்களுக்கு ஒருவேளை நிறமரிசிச் சோறு கொடுத்து அடுத்த சில மணிநேரம் இரத்தத்தைப் பார்த்தது. 2019இல் வெளியான முடிவில் அழற்சிக் குறியீடுகள் சற்று இறங்கியிருந்தன. ஒருவேளைச் சோற்றால் சில மணிநேரம் ஏற்படும் இறக்கம் மூன்று மாதத்துக்குப் பிறகு என்னவாகும் என்று அதிலிருந்து கணிக்க வழியில்லை. ஒரு நல்ல தொடக்கம், அவ்வளவே.

இந்த இடத்தில் நிறத்தை விட்டுவிட்டுத் தவிட்டைப் பார்த்தால் நிலைமை தெளிவாகிறது. முழுத்தானியத்தைப் பற்றிய மனித ஆய்வுகள் நிறத்தைப் பற்றியவற்றைவிட அதிகம், தரமும் மேல். பழுப்பு அரிசி, பார்லி, இரண்டும் கலந்தது என மூன்றையும் நாளைக்கு 60 கிராம் வீதம் நான்கு நான்கு வாரம் மாற்றி மாற்றி 28 பேருக்குக் கொடுத்த ஆய்வு 2013இல் வந்தது. மூன்றுமே குடல் நுண்ணுயிர்களின் வகைகளைப் பெருக்கின. இரண்டும் கலந்தபோது இன்டர்லூகின்-6 குறைந்தது. பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 81 பேரில் ஒரு தரப்புக்கு ஆறு வாரம், உடல் எடை மாறாமல் பார்த்துக்கொண்டு, தீட்டிய தானியத்துக்குப் பதில் முழுத்தானியம் கொடுத்தது; முடிவு 2017இல் வந்தது. நல்ல நுண்ணுயிர்கள் சில கூடின, குடலில் உண்டாகும் குறுங்கொழுப்பு அமிலங்கள் கூடின, நினைவு டி-செல்களின் ஒருவகை சற்றுக் கூடியது. ஆய்வாளர்களே தலைப்பில் ‘மிதமான விளைவு’ என்று எழுதிவிட்டார்கள். இவ்வளவு அடக்கமான தலைப்பைப் பார்க்கும்போதே நம்பத் தோன்றுகிறது. அந்த ஆய்வில் கொடுத்த உணவில் அரிசி பெரும்பங்கு இல்லை, கோதுமைதான் அதிகம்.

நமக்கு நெருக்கமான சான்று சென்னையிலிருந்தே இருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, எடை கூடிய 166 பேரிடம் மூன்று மாதம் வெள்ளை அரிசி, மூன்று மாதம் பழுப்பு அரிசி என்று மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. வளர்சிதைக் கோளாறு உள்ளவர்களிடம் மூன்றுமாதச் சர்க்கரை அளவு சற்று இறங்கியது. உடல்நிறைக் குறியீடு 25க்கு மேல் உள்ளவர்களிடம் சி.ஆர்.பி. நிலை பழுப்பு அரிசிக்குச் சாதகமாக இருந்தது. நம் ஊர் மக்கள், நம் ஊர்ச் சமையல், சாதாரணப் பழுப்பு அரிசி. நிறம் எதுவும் இல்லை. கவுனிப் பொட்டலத்தில் எழுதியிருப்பதில் உண்மையான பகுதி எதுவோ அது கைக்குத்தல் பொன்னியிலேயே கிடைக்கிறது என்று இதை நான் படிக்கிறேன்.

தவிடு எப்படி இதைச் செய்கிறது என்பதற்கும் பொருத்தமான விளக்கம் இருக்கிறது. தவிட்டின் நார்ப்பொருள் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக்குகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். எதிர்ப்பை அடக்கி நடத்தும் ஒழுங்குபடுத்தும் டி-செல்களை அது வளர்ப்பதாக 2013இல் எலிகளிடம் பல குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் காட்டின. நிறமியும் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் அதே பெருங்குடலுக்குத்தான் போய்ச் சேர்கிறது. அங்கே அதுவும் நுண்ணுயிர்களோடு ஏதோ செய்கிறது என்று கொள்ள இடமுண்டு. நிறமிக்கு ஒரு வேலை இருந்தால் அது இரத்தத்தில் இருப்பதைவிடக் குடலில் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் அரிசித் தவிட்டை எலிகளுக்குக் கொடுத்து சால்மொனெல்லா தொற்று குறைவதைக் கண்டார்கள். பிறகு நிகரகுவாவிலும் மாலியிலும் தாய்ப்பாலோடு இணையுணவு தொடங்கும் குழந்தைகளுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை கொடுத்து வளர்ச்சியிலும் குடல் நுண்ணுயிர்களிலும் மாற்றம் பார்த்தார்கள். அங்கேயும் பேசப்படுவது தவிடு.

ஆனால் தவிட்டுக்கும் ஒரு கணக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. அங்காடிகள் அதைச் சொல்வதில்லை, ஆர்வலர்களும் பெரும்பாலும் சொல்வதில்லை. தவிட்டில் துத்தநாகமும் இரும்பும் கூடுதல். அவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு குடல் உறிஞ்சவிடாமல் செய்யும் பைடிக் அமிலமும் அங்கேயேதான் இருக்கிறது. சிவப்பு அரிசியின் டானின்கள் இரும்பைத் தங்கள் பங்குக்குப் பிடிக்கின்றன. துத்தநாகமும் இரும்பும் ஐரோப்பியப் பட்டியலில் இருந்ததைப் பார்த்தோம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அவர்களிடம் போய் மூன்று வேளையும் சிவப்பரிசி சாப்பிடு, எதிர்ப்புச் சக்தி கூடும் என்பது பாதி அறிவுரை. கூடவே கொஞ்சம் மீன், முட்டை, கீரையில் பிழிந்த எலுமிச்சை என்று சேர்த்துச் சொன்னால்தான் முழு அறிவுரை. இதற்கு நம் சமையலில் ஒரு மாற்று ஏற்கெனவே இருக்கிறது: ஊறவைப்பதும் புளிக்கவைப்பதும் பைடிக் அமிலத்தைக் குறைக்கின்றன. சிவப்பரிசி இட்லியும் மாப்பிள்ளைச் சம்பாப் பழைய சோறும் குக்கரில் வெந்த அதே அரிசியைவிட இந்த விஷயத்தில் மேல்.

ஆர்சனிக் இன்னொன்று. நெற்பயிர் அதை மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்துத் தவிட்டில் அதிகம் சேர்க்கிறது. அதனால்தான் பன்னாட்டு உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ், தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்றும் தீட்டாத அரிசிக்கு 0.35 என்றும் இரண்டு உச்சவரம்பு வைத்திருக்கிறது. இது வங்காளத்துக் கழிமுகத்தில் பெரிய கவலை. காவிரிப்படுகையில் அவ்வளவு இல்லை. எங்கோ விளைந்த அரிசியைக் கைக்குழந்தைக்குத் தினமும் கஞ்சியாக்கிக் கொடுப்பவர் மட்டும் கவனிக்க வேண்டும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஆர்சனிக் கணிசமாகக் குறையும். வடித்தால் நிறமியும் கஞ்சியோடு போகும். இரண்டையும் ஒரே பானையில் சாதிக்க முடியாது.

பாரம்பரியத்தின் பெயரால் ஒரு வாதம் உண்டு. மாப்பிள்ளைச் சம்பா தின்றவன் இளவட்டக்கல்லைத் தூக்கினான், பூங்கார் பிள்ளை பெற்றவளுக்கு, கருங்குறுவை சித்த மருந்துக்கு, கேரளத்தில் நவரை ஆயுர்வேத சிகிச்சைக்கு. இந்த வழக்கங்களை நான் ஏளனம் செய்யமாட்டேன். எங்கே தேட வேண்டும் என்று அவை சுட்டுகின்றன. ஆனால் அவற்றில் எதிலும் இன்றைய வாசகம் இல்லை. ஒவ்வொரு நெல்லுக்கும் ஒரு தனி வேலை சொன்னார்கள் முன்னோர். எல்லாவற்றுக்கும் ஒரே வேலையைச் சொன்னது 2020க்குப் பிந்தைய சந்தை.

தவிட்டைப் பற்றி அசைக்கமுடியாத சான்று எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நூறாண்டுக்கும் மேல் பின்னால் போகலாம். 1890களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும் தீட்டாத அரிசி கொடுத்தால் எழுவதையும் கண்டார். அவருடைய நண்பர் ஃபோர்டர்மன் ஜாவாவின் சிறைகளைச் சுற்றிக் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் சுமார் 39 கைதிகளுக்கு ஒருவருக்கு பெரிபெரி. தீட்டாத அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரத்துக்கு ஒருவர். நோய் வந்தவர்களை எண்ணினார்கள். அதிலிருந்துதான் வைட்டமின் பி1 வந்தது, 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசும் வந்தது. நிறமரிசியைப் பற்றி இப்படி, எனக்குத் தெரிந்தவரை, யாரும் நோயாளிகளை எண்ணிப் பார்த்ததில்லை.

உணவால் எதிர்ப்பு உயரும் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த சிறந்த சான்றும் நிறமரிசியைப் பற்றியது இல்லை. சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 காசநோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு தரப்புக் குடும்பத்தினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரை. மறு தரப்பில் நோயாளிக்கு மட்டும் உணவு. 2023இல் வெளியான முடிவு: உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது, தொற்றும் வகைக் காசநோய் 48 சதவீதம். ஒரு தடுப்பூசிக்கு இந்த எண் கிடைத்திருந்தால் கொண்டாடியிருப்பார்கள். இதைச் சாதித்தது அரைவயிற்றை நிரப்பியது. சாதாரண அரிசி, பருப்பு, கூடவே ஒரு மாத்திரை. கவுனிக்குக் கொடுக்கும் கூடுதல் விலையைப் பருப்புக்கும் முட்டைக்கும் கொடுத்தால், வருமானம் குறைந்த ஒரு வீட்டில் எதிர்ப்பு அமைப்புக்குக் கிடைப்பது அதிகம். இந்தக் கட்டுரையில் நான் மிக உறுதியோடு சொல்லும் வாக்கியம் இதுதான்.

ஆக என் தீர்ப்பு: ‘நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்ற வாசகம் நிரூபிக்கப்படாதது, பொட்டலத்திலிருந்து எடுக்க வேண்டியது. தீட்டாத அரிசி அழற்சியைச் சற்றுத் தணிக்கும், குடலுக்கு நல்லது, சர்க்கரையைக் கொஞ்சம் மெதுவாக ஏற்றும் என்பது நியாயமாக நிற்கிறது. சர்க்கரை நோய் காசநோய் வரும் வாய்ப்பை மூன்று மடங்கை ஒட்டி உயர்த்துவதை எண்ணினால் கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமும் இல்லை. நிறத்துக்கு இதற்குமேல் ஒரு கூடுதல் பங்கு இருக்கலாம். சீன ஆய்வு அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, யாரும் இன்னும் உள்ளே போகவில்லை. கையில் பணம் இருந்து, சுவையும் பிடித்திருந்தால் கவுனியை வாங்குங்கள். வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். சிவப்பரிசி என்ற பெயரில் ஒரு தீட்டு, இரண்டு தீட்டுத் தீட்டி வெளிறிய அரிசியும் கடைகளில் வருகிறது, சீக்கிரம் வேகும் என்பதற்காக. அதில் நிறமும் குறைவு, தவிடும் குறைவு, விலை மட்டும் குறையவில்லை. கவுனியைச் சர்க்கரை சேர்த்த உடனடிக் கஞ்சிமாவாக வாங்குவதும் ஏறக்குறைய அதே கதை.

என் கருத்தை மாற்றக்கூடிய ஆய்வு ஒன்று இருக்கிறது, செய்யவும் முடியும். அந்த 14 எழுத்துகளைத் தவிர மற்றெல்லாம் ஒன்றாக உள்ள இரண்டு நெல், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, கலப்பு முறையில் உருவாக்கக்கூடியவை. இரண்டையும் தவிட்டோடு, ஒரே வயலில் விளைவித்து, ஒரே விதமாகச் சமைத்து, இரு தரப்பினருக்கு ஆறு மாதம் போட வேண்டும். நடுவில் எல்லோருக்கும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி. ஆறு மாதத்தில் எதிர்பொருள் எவ்வளவு, காய்ச்சல் நாட்கள் எத்தனை. நிறத்தின் பங்கு என்று ஒன்று இருந்தால் அது இந்த இரண்டு எண்களில் இரு தரப்புக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் தெரியும். கோவையில் நெல் ஆராய்ச்சி இருக்கிறது, சென்னையில் மருத்துவ ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. கருப்புக் கவுனி விற்பனையில் வரும் லாபத்தில் ஒரு சிறு பங்கு போதும், இதற்கான செலவுக்கு.